எண்ணெய், நிலக்கரி, சாம்பல்: ஆய்வுகூட எண் ஒத்துவராவிட்டால் எங்கே தேடுவது?

எரிபொருள் சம்பந்தமாக யாழ்ப்பாணத்து ஆய்வுகூட மேசைக்கு வருபவை பெரும்பாலும் நாலு வகைதான். சோடாப் போத்தலில் டீசல் அல்லது மண்ணெண்ணெய். பொலித்தீன் பையில் நிலக்கரியோ சாம்பலோ. ஜெனரேற்றர் புகைக்குழாயில் சுரண்டிய கரி. "எண்ணெய் மணக்குது" என்று கொண்டுவரப்படும் கிணற்றுத் தண்ணீர். கொண்டுவருபவர் கேட்பது ஆம், இல்லை என்ற பதில். எங்களிடம் இருப்பதோ ஒரு எண். அந்த எண் ஏறுமாறாக வந்துவிட்டால் முதலில் ஏச்சு வாங்குவது கருவி. உண்மையில் கருவியைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். போத்தலிலோ, தராசடியிலோ, உலைக் கதவோரத்திலோ, அறிக்கையில் விடுபட்ட ஒரு சொல்லிலோ பிழை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்த அறிகுறியைத் தேடி அந்த இடத்தை மட்டும் வாசித்தாலும் போதும். பாகை என்று வருவதெல்லாம் செல்சியஸ்.

டீசலின் அடர்த்தி குறைவு. மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா?

அவசரப்பட்டுக் கலப்படம் என்று எழுதாதீர்கள். முதலில் வெப்பமானியைப் பாருங்கள். டீசலின் அடர்த்தி ஏறத்தாழ 0.82 இலிருந்து 0.86 வரை என்று சொல்வது 15 பாகைக்கு. சித்திரை வெயிலில் எங்கள் அறை 31 பாகையில் நிற்கும். ஒரு பாகை ஏறினால் டீசலின் அடர்த்தி 0.0007 அளவு இறங்கும். ஹைட்ரோமீற்றர் 0.826 காட்டினால், 16 பாகை வித்தியாசத்துக்கு 0.011 கூட்டுங்கள்: 0.837. சந்தேகத்தோடு வந்த டீசல் சாதாரண டீசலாகத் திரும்பிப் போகும்.

திருத்திய பிறகும் குறைவென்றால்கூட அடர்த்தி ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 0.840 டீசல் நாலு பங்கோடு 0.795 மண்ணெண்ணெய் ஒரு பங்கு சேர்த்தால் 0.831 வரும். கலப்படமே இல்லாத டீசலும் அந்த எண்ணில் இருக்கலாம். ஆகவே அடுத்தது தீப்பற்று நிலை, அதாவது எண்ணெயின் ஆவி சுடர் பட்டதும் பற்றும் மிகக் குறைந்த வெப்பநிலை. மூடிய கிண்ணத்தில் பார்த்தால் டீசல் 55, 60 பாகைக்கு மேலேதான் பற்றும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகையைத் தாண்டினால் போதும். விடை நாற்பதுகளில் விழுந்தால் மண்ணெண்ணெய்ச் சந்தேகம் வலுக்கிறது. அறை வெப்பத்திலேயே சுடர் பாய்ந்தால் அது பெற்றோல். நூறில் ஒன்றிரண்டு பங்கு பெற்றோலே தீப்பற்று நிலையைத் தரைக்கு இறக்கிவிடும். பவுசரில் மிச்சம் இருந்ததோ, மாதிரி எடுத்த போத்தலில் முன்பு பெற்றோல் இருந்ததோ காரணமாகலாம். போத்தலைப் பற்றிக் கேளுங்கள். கொண்டுவந்தவர் மறைக்கமாட்டார், யாரும் கேட்காததால்தான் சொல்லியிருக்கமாட்டார்.

முடிவான சோதனை காய்ச்சி வடித்தல். டீசல் சுமார் 180 பாகையில் தொடங்கி 360 வரை வடியும். மண்ணெண்ணெய் 150 இல் தொடங்கி 300க்குள் முடிந்துவிடும். இரண்டும் கலந்திருந்தால் வளைகோட்டின் தொடக்கம் கீழே இறங்கும். கடைசிப் பத்து வீதம் பெரிதாக அசையாது. தொடக்கமும் முடிவும் சேர்ந்தே இறங்கியிருந்தால் கலப்படத்தை விட்டு, சுத்திகரிப்பில் வேறு விதமாக வெட்டப்பட்ட டீசல் என்று யோசியுங்கள். இந்த வேறுபாட்டை அடர்த்தி ஒருநாளும் காட்டாது.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் போனது. அதுவரை கலப்பதில் இருந்த இலாபம் அதோடு சுருங்கியது. எந்தக் காலத்து மாதிரி என்பதும் ஒரு தடயம்தான்.

பெற்றோலில் மண்ணெண்ணெய் என்ற சந்தேகத்துக்கு, வடிதாளில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நல்ல பெற்றோல் சில நிமிடத்தில் தடம் தெரியாமல் போகும். வழுவழுப்பான வட்டம் நின்றால் ஏதோ பாரமான சரக்கு உள்ளே இருக்கிறது. ஆனால் ரூ-ஸ்ரோக் முச்சக்கர வண்டியின் தாங்கியில் எடுத்த பெற்றோல் என்றால் இந்தச் சோதனை வீண். அதில் கலந்த எண்ணெயும் இதே வட்டத்தை விடும். அப்போது வடித்தல்தான் வழி. பெற்றோல் 210 பாகை அளவில் வடிந்து முடிய வேண்டும். 250 தாண்டியும் சொட்டிக்கொண்டிருந்தால் சந்தேகம் தேவையில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால் துளி பெற்றோல் விட்டு உதைத்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நாங்கள் வரைபில் கீறும் கொதிவீச்சு அதுவேதான்.

டீசல் மங்கல், போத்தலடியில் வழுவழு

இது சின்ன விசயம். போத்தலைச் சுடுதண்ணீரில் 40 பாகைக்குச் சூடாக்குங்கள். மங்கல் கலைந்தால் கரைந்திருந்த நீர், ஆறியதில் பிரிந்தது. கலையாவிட்டால் தனி நீரோ தூசியோ. அடியில் கறுப்பு அல்லது கபிலச் சளிபோல் நின்றால் நுண்ணுயிர். நீரும் எண்ணெயும் சந்திக்கும் கோட்டில்தான் அவை வளரும், தாங்கியின் அடி நீரை வடிக்காதவரை வந்துகொண்டேயிருக்கும். எரிபொருளின் தரத்தைப் பற்றி எழுதுமுன் மாதிரி தாங்கியின் எந்த மட்டத்தில் எடுக்கப்பட்டது என்று விசாரியுங்கள். அடிக்குழாயைத் திறந்து பிடித்தது என்றால் அது தாங்கியின் வண்டல்; அந்த எரிபொருளைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல இயலாது.

கலோரிப் பெறுமானம் குறைந்து வருகிறது

கலோரிப் பெறுமானம் என்பது எரிபொருள் எரிந்து தரும் வெப்பம். முதலில், எவ்வளவு வெப்பம் தரும் என்று ஏற்கெனவே தெரிந்த பென்சோயிக் அமில வில்லை ஒன்றை எரித்துப் பாருங்கள். கிராமுக்கு சுமார் 26.4 கிலோயூல் வர வேண்டும். அதுவும் குறைந்தால் கோளாறு உங்கள் கலோரிமானியில்: நீரின் அளவு, கலக்கி, அல்லது நேரே மேலே சுழலும் மின்விசிறி. பென்சோயிக் சரியாக வந்து மாதிரி மட்டும் குறைந்தால் குண்டை (கலோரிமானிக்குள் மாதிரி எரியும் மூடிய உருக்குப் பாத்திரம்) திறந்து உட்புறத்தை விரலால் தடவுங்கள். கரி ஒட்டினால் எரிப்பு முழுமையாகவில்லை. அந்த எண்ணைத் திருத்த முயல வேண்டாம், எறிந்துவிடுங்கள். ஒட்சிசன் அமுக்கம் 30 வளிமண்டலம் அளவுக்கு ஏறியிருந்ததா, நிலக்கரித் தூள் வெடித்துக் கிண்ணத்துக்கு வெளியே சிதறியதா என்று பாருங்கள். தூளை வில்லையாக அழுத்தினால் சிதறல் அடங்கும்.

உள்ளே பளிச்சென்று சுத்தமாக இருந்தும் மண்ணெண்ணெயோ பெற்றோலோ குறைவாக வந்தால், தராசுத் தட்டில் இருக்கும் கிண்ணத்தை ஒரு நிமிடம் கவனியுங்கள். கடைசி இலக்கம் கண்ணெதிரே இறங்கிக்கொண்டே போகும். நிறுத்ததற்கும் குண்டை மூடியதற்கும் இடையில் பறந்துபோனதை நீங்கள் எரித்ததாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள். ஜெலற்றின் கூட்டுக்குள் அடைத்து நிறுங்கள்; வெறுங்கூட்டின் வெப்பத்தைத் தனியே அளந்து கழித்தால் சரி.

எல்லாம் சரியாக இருந்தும் புத்தக எண்ணைவிட டீசலுக்கு கிலோவுக்கு 3 மெகாயூல் அளவு கூடுதலாக நின்றால், அது பிழையே அல்ல. நீங்கள் அளந்தது மொத்தப் பெறுமானம், புத்தகத்தில் இருப்பது நிகரப் பெறுமானம். டீசலில் 13 வீதம் ஐதரசன் என்றால் ஒரு கிலோ எரிந்து 1.17 கிலோ நீர் பிறக்கும். குண்டுக்குள் அந்த நீராவி ஒடுங்கி, கிலோவுக்கு 2.44 மெகாயூல் வீதம் வெப்பத்தைத் திருப்பித் தரும். இயந்திரத்திலோ அது புகையோடு போய்விடும். 1.17 ஐ 2.44 ஆல் பெருக்கினால் 2.86. உங்கள் வித்தியாசம் அங்கே இருக்கிறது. மொத்தமா நிகரமா என்று எழுதாத கலோரிப் பெறுமானத்தை நான் எண்ணாகவே எடுப்பதில்லை.

ஒரே நிலக்கரி, இரண்டு புடக்குகை, இரண்டு சாம்பல் விடை

யாழ்ப்பாணத்தில் நிலக்கரி எரிப்பவர் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் நுரைச்சோலையில் 300 மெகாவாற் அலகுகள் மூன்று இறக்குமதி நிலக்கரியை எரிக்கின்றன. மாணவர் செயற்றிட்டங்களுக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு எங்கள் உலைக்கும் வரும்.

ஒரு கிராம் எடு, எரி, நிறு. கேட்க எளிதான வேலை. சிக்கல் எரிக்கும் வேகத்தில் இருக்கிறது. நிலக்கரிக்குள் பைரைற்று என்ற இரும்புச் சல்பைட்டும், கல்சைற்று என்ற கல்சியம் காபனேற்றும் இருக்கும். 500 பாகைக்குள் பைரைற்று எரிந்து கந்தகவீரொட்சைட்டை விடும். 600 தாண்டிய பிறகு கல்சைற்று உடைந்து சுண்ணாம்பாகும். மெதுவாகச் சூடேற்றினால் சுண்ணாம்பு பிறக்குமுன்னே கந்தகம் வெளியே போய்விடும். புடக்குகையை (மாதிரி வைத்து எரிக்கும், சூடு தாங்கும் சிறு கிண்ணம்) நேரே கொதிக்கும் உலைக்குள் தள்ளினால் இரண்டும் உள்ளே சந்தித்து, கல்சியம் சல்பேற்றாகித் தங்கும். சாம்பல் நிறை கூடும். சர்வதேசத் தர முறையான ஐஎஸ்ஓ 1171 முதலில் 500 பாகையில் தரிக்கச் சொல்லிப் பிறகு 815க்கு ஏற்றச் சொல்வது இதனால்தான். அமெரிக்கத் தர முறையான ஏஎஸ்ரிஎம் டி 3174 உம் முதலில் மெதுவாக 500 வரைதான் ஏற்றும், ஆனால் 750 ஓடு நிறுத்திக்கொள்ளும். இரண்டு முறையில் வந்த எண்களை ஒரே அட்டவணையில் வைக்க வேண்டாம்.

"சேர், கதவடியில வைச்சது 13.1, பின்னுக்கு வைச்சது 14.0." இப்படி வந்தால் எதை நம்புவது? கதவடி குளிர்ந்த இடம், ஆனால் காற்றோட்டம் உண்டு. பின்பக்கம் சூடு, காற்று குறைவு. காற்றில்லாத இடத்தில் கந்தகம் வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும். குளிர்ந்த இடத்தில் காபன் எரியாமல் மிஞ்சும். இரண்டுமே எண்ணைக் கூட்டிவிடும் என்பதால் பார்த்த பார்வையில் சொல்ல முடியாது. கூடுதலாக வந்ததை இன்னும் அரை மணித்தியாலம் உலையில் வைத்து நிறுங்கள். நிறை இறங்கினால் எரியாத காபன். இறங்காவிட்டால் அந்தச் சாம்பலில் கொஞ்சத்தை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து வடித்து, பேரியம் குளோரைட்டு நாலு துளி விடுங்கள். இரண்டு சாம்பலுக்கும் இதைச் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெண்மை எதில் தடிப்பாகக் குழம்புகிறதோ அதில் சல்பேற்று சிக்கியிருக்கிறது.

நடுவில் கரண்ட் போனால்? 500 பாகையில் தரிப்பு முடிந்த பிறகு போயிருந்தால் பயமில்லை, கந்தகம் போய்விட்டது, வந்ததும் தொடருங்கள். அதற்கு முன் போயிருந்தால் உலையைத் திரும்ப முழு வேகத்தில் முடுக்காமல், ஆற விட்டு முதலிலிருந்து ஏற்றுங்கள்.

கார்த்திகை, மார்கழி மாரியில் இன்னொரு தொல்லை. தராசில் வைத்த சாம்பல் நிறை கூடிக்கொண்டே போகும். உலர்த்தியின் சிலிக்கா ஜெல்லைப் பாருங்கள். நீலம் போய் இளஞ்சிவப்பாகியிருந்தால் அது உலர்த்தி இல்லை, வெறும் கண்ணாடிப் பெட்டி. 110 பாகையில் காயவிட்டு நீலம் திரும்பிய பிறகு போடுங்கள். புடக்குகையை மூடியோடு நிறுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் நுரைச்சோலை அறிக்கையோடோ நண்பரின் ஆய்வேட்டோடோ ஒத்துவரவில்லையா? அடிப்படையைப் பாருங்கள். காற்றில் உலர்ந்த நிலையில் சாம்பல் 14.0 வீதம், ஈரம் 6 வீதம் என்றால், முற்றாக உலர்ந்த அடிப்படையில் அதே நிலக்கரியின் சாம்பல் 14.9. ஈரம் பார்க்க 105 முதல் 110 பாகை வரை சூடாக்கும்போது தரம் குறைந்த நிலக்கரி ஒட்சிசனை உறிஞ்சி நிறை ஏறும். அப்போது ஈரம் குறைவாகத் தெரியும். நைதரசன் ஓட்டத்தில் உலர்த்தினால் அந்தப் பிழை இல்லை.

ஆவியாகும் பொருள் அளவீடு இதன் தம்பி. ஏழு நிமிடம், 900 பாகை என்பது ஐஎஸ்ஓ, ஏஎஸ்ரிஎம் 950. மூடி இடுக்கால் பொறி பறந்தால் திண்மமும் சேர்ந்து பறந்திருக்கிறது, அந்த விடை கூடித்தான் நிற்கும். இதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

கந்தகம் குறைவு

குண்டுக் கழுவல் நீரில் பேரியம் சல்பேற்றாக வீழ்படிவாக்கும் முறையைச் சொல்கிறேன். கிடைத்த வீழ்படிவின் நிறையை 0.1374 ஆல் பெருக்கினால் கந்தகம். குறைந்தால் மூன்று இடங்களில் தேடலாம். குண்டின் அமுக்கத்தை அவசரமாகத் திறந்துவிட்டால் அமில மூடுபனி வெளியே போய்விடும். சில நிமிடம் பொறுத்து, ஊசி முனையளவு திறந்து விடுங்கள். வடித்த திரவம் பால்போல் இருந்தால் வீழ்படிவு தாளுக்குள்ளால் ஓடியிருக்கிறது; கொதிநிலைக்குக் கிட்டச் சூடான, சற்றே அமிலமான கரைசலில் பேரியம் குளோரைட்டைத் துளித்துளியாக விட்டு, இரவு முழுவதும் இளஞ்சூட்டில் வைத்தால் படிகம் பருக்கும். மூன்றாவது, வடிதாளை எரிக்கும்போது காற்றுப் போதாமல் விட்டால் காபன் சல்பேற்றைச் சல்பைட்டாகத் தாழ்த்திவிடும். தாள் கருகும்போது சுடர் எழக்கூடாது.

சாம்பல் ஒட்சைட்டுகளைக் கூட்டினால் நூறு வரவில்லை

88, 90 என்று நின்றால் முதலில் எரிபற்று இழப்பை (சாம்பலை உலையில் சூடாக்கும்போது குறையும் நிறை) சேர்த்தீர்களா என்று பாருங்கள். சேர்க்காமல் ஒட்சைட்டுகளை மட்டும் கூட்டிவிட்டுத் தலையைப் பிய்ப்பவர்கள் நிறையப் பேர். சேர்த்தும் குறைந்தால் சிலிக்கா. பறக்கும் சாம்பலின் (புகையோடு போகும் நுண்சாம்பல்) கண்ணாடிக் கோளங்கள் அரசநீரில், அதாவது நைத்திரிக், ஐதரோகுளோரிக் அமிலக் கலவையில், கரையாது. முகவையின் அடியில் வெண்மையாக மிச்சம் நிற்பது அவைதான். ஐதரோபுளோரிக் அமிலம் கரைக்கும். ஆனால் கல்சியம் குளுக்கோனேற்று ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இல்லாத ஆய்வுகூடத்தில் அந்தப் போத்தலைத் திறக்கவே வேண்டாம். தோலில் பட்டதும் வலிக்காது, உள்ளே போய் எலும்புவரை வேலை செய்யும். லிதியம் மெற்றாபோரேற்றோடு 1000 பாகை அளவில் உருக்கிக் கரைப்பது பாதுகாப்பான வழி. ஆசனிக்கும் இரசமும் வேண்டுமென்றால் அதற்கு வேறு பங்கு எடுத்து, மூடிய பாத்திரத்தில் கரையுங்கள். உருக்கினாலும் திறந்த முகவையில் கொதிக்க வைத்தாலும் இரசம் போய்விடும்.

கல்சியம் மட்டும் எதிர்பாராமல் உயர்ந்து, எரிபற்று இழப்பும் சேர்ந்து உயர்ந்தால் எங்கள் மண்ணைச் சந்தேகியுங்கள். குடாநாட்டின் அடித்தளமே சுண்ணக்கல். முற்றத்தில் கொட்டிய சாம்பலைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளினால் அதோடு சுண்ணக்கல் தூசும் வரும். கண்ணாடித் தட்டில் ஒரு சிட்டிகை வைத்து ஐதான அமிலம் ஒரு துளி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் காபனேற்று. நுரைத்த சாம்பலின் எரிபற்று இழப்பை எரியாத காபன் என்று எழுதக்கூடாது. அதில் ஒரு பகுதி காபனீரொட்சைட்டு. சீமெந்தில் சேர்ப்பதற்கு இந்த இழப்பு 6 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஏஎஸ்ரிஎம் சி 618; நல்ல சாம்பலைத் தூசியால் தோற்கடித்துவிடாதீர்கள்.

உலை எண்ணெய்ச் சாம்பல் வேறு சாதி. எண்ணெயில் அது நூறில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஆனால் வனேடியமும் நிக்கலும் அதில் குவிந்திருக்கும். வனேடியம் ஐயொட்சைட்டு 690 பாகைக்குக் கிட்ட உருகும். சோடியம் சேர்ந்தால் இன்னும் கீழே. 815 பாகையில் வைத்த புடக்குகையில் சாம்பல் கண்ணாடிப் பூச்சுபோல் ஒட்டிக்கொண்டு சுரண்ட வராவிட்டால் காரணம் இதுதான். கொதிகலன் குழாய்களை அரிப்பதும் இதே உருகல்.

கழிவுச் சாம்பலைக் கழுவிய நீரில் உலோகம் இல்லை என்று வருகிறது

பி.எச். எவ்வளவு? சுண்ணாம்பு கூடிய சாம்பல் நீரை 11, 12க்கு ஏற்றிவிடும். அந்த நிலையில் இரும்பு, நிக்கல், கட்மியம் எல்லாம் படிந்துவிடும், "இல்லை" என்பது உண்மையான விடைதான். ஆனால் ஆசனிக்கு, செலனியம், மொலிப்டினம், ஆறுவலுக் குரோமியம் ஆகியன எதிரேற்றம் கொண்ட ஒட்சிசன் சேர்வைகளாகக் காரநீரிலும் தாராளமாக நடமாடும். அவற்றைத் தேடாமல் "பாதுகாப்பானது" என்று எழுதுவது பொய்ச் சாட்சி. அசற்றிக் அமிலத்தில் 18 மணித்தியாலம் சுழற்றும் முறை குப்பைமேட்டின் அமிலச் சூழலுக்கானது. சுண்ணக்கல் நிலத்தில் கொட்டிய சாம்பலுக்கு வெறும் நீரால் கழுவும் சோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள்.

கிணற்றில் எண்ணெய்ப் படலம்

சுன்னாகம் மின்நிலையச் சுற்றாடலில் கிணறுகளில் எண்ணெய் என்ற முறைப்பாடு பெரிதாக எழுந்தபோது, கிணறுகள் பற்றி ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகள் வெளிவந்தன. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா செலுத்தப் பணித்தது. அதிலிருந்து யாழ்ப்பாணத்தில் வானவில் நிறப் படலம் கண்டால் மனம் நேரே எரிபொருளுக்கே போகிறது. போகட்டும், ஆனால் தேடலைப் படியாகச் செய்வோம்.

ஒரு ஈர்க்கால் படலத்தைக் கீறுங்கள். கண்ணாடித் துண்டுபோல் ஓரம் கூராக உடைந்து, உடைந்தபடியே நின்றால் இரும்பு பக்டீரியாவின் படலம். ஓடிவந்து மறுபடி சேர்ந்துகொண்டால் எண்ணெய். வயிற்றுக் கோளாறு என்பதற்காகத் தண்ணீரைக் கொண்டுவந்திருந்தால் மலக்கழிவுக் கிருமியையும் முதலில் பாருங்கள், கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் நைத்திரேற்றையும். உரமும் மலக்குழியும் எங்கள் கிணறுகளுக்குப் பழைய பகை. எண்ணெய் அளந்து அந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது.

எண்ணெய்தான் என்றால், "எண்ணெயும் கிரீசும்" என்று அறிக்கையில் வரும் எண்ணின் பொருள் விளங்க வேண்டும். பி.எச். 2க்குக் கீழே இறக்கிய நீரிலிருந்து ஹெக்சேன் எதைப் பிரித்தெடுத்து, ஹெக்சேனை ஆவியாக்கிய பிறகு எது மிஞ்சுகிறதோ அது எல்லாமே அந்த எண். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் வைத்துக் கிணற்றடியில் முழுகிய வீட்டில் அந்த எண் உயரும். சவர்க்காரமும் சேரும். பிரித்ததைச் சிலிக்கா ஜெல்லோடு கலக்குங்கள்: நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், கொழுப்பமிலம் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும், கனிய எண்ணெய் ஒட்டாது. முன்னும் பின்னும் இரண்டு எண்ணையும் எழுதினால்தான் அறிக்கை.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. மணக்கிறது, ஆனால் எண் பூச்சியம். ஹெக்சேனை ஆவியாக்கும் சூட்டில் பெற்றோல் கிட்டத்தட்ட முழுவதும், மண்ணெண்ணெயில் ஒரு பெரும்பகுதியும் கூடவே பறந்துவிடும். இந்த முறை கனமான எண்ணெய்க்கானது. மெல்லிய எரிபொருளை ஜீசியில்தான் (வாயு நிறப்பகுப்பு: கலவையைப் பிரித்து ஒவ்வொரு சேர்வையையும் வரைபில் ஒரு சிகரமாகக் காட்டும் கருவி) பார்க்க வேண்டும். மாதிரியும் மேலே காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி மூடிய சின்னக் கண்ணாடிச் சிமிழில் வர வேண்டும். பென்சீன் குடிநீரில் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அவ்வளவு சிறிய அளவுக்கு ஒரு குமிழியே போதும் எண்ணைக் கெடுக்க.

எல்லா மாதிரியிலும் ஏறத்தாழ ஒரே எண் வந்தால் மகிழ வேண்டாம். காய்ச்சி வடித்த நீரை அதே வகைப் போத்தலில் ஊற்றி வெற்றுச் சோதனை செய்யுங்கள். பிளாஸ்ரிக் போத்தலின் மென்மையாக்கி ஹெக்சேனில் இறங்கும். ஜீசியில் அது ஒற்றைத் தடித்த சிகரமாக நிற்கும், எரிபொருளுக்குரிய, வேலிக்கம்பு போன்ற சிகர வரிசை தெரியாது. கபில நிறக் கண்ணாடிப் போத்தல்தான் வேண்டும். அதை மாதிரி நீரால் அலசக் கூடாது, பாதியை ஊற்றி அளக்கவும் கூடாது. எண்ணெய் சுவரில் ஒட்டும். போத்தல் நீர் முழுவதையும் எடுத்து, வெறும் போத்தலையும் ஹெக்சேனால் கழுவிச் சேருங்கள்.

ஜீசி வரைபை வாசிக்கும்போது (எண்கள் மூலக்கூறிலுள்ள காபன் அணுக்களின் எண்ணிக்கை): காபன் 9 இலிருந்து 16 வரை வேலி என்றால் மண்ணெண்ணெய், 10 இலிருந்து 25 வரை நீண்டால் டீசல், இடையே கிளைச்சங்கிலி ஐதரோகாபன்களான பிரிஸ்ரேனும் பைற்றேனும் 17க்கும் 18க்கும் பக்கத்தில் ஒட்டி நிற்கும். நேர்ச்சங்கிலியான 17 ஐவிடப் பிரிஸ்ரேன் உயர்ந்திருந்தால் பெரும்பாலும் அது பழைய கசிவு, நுண்ணுயிர் நேர்ச்சங்கிலிகளைத் தின்னத் தொடங்கிவிட்டது. 27, 29, 31 என்ற ஒற்றைப்படைகள் மட்டும் தலைதூக்கி நின்றால் அது இலை மெழுகு. கிணற்றுக்குள் உக்கிய இலைதழை, ஓலை, எரிபொருளுக்குச் சம்பந்தமில்லை.

வேலியே இல்லாமல், 20க்கு அப்பால் ஒரு மேடுமட்டும் பொதுக்கென்று எழுந்தால் உராய்வுநீக்கி எண்ணெய். தூரத்து மின்நிலையத்தை நினைக்குமுன் கிணற்றடியைப் போய்ப் பாருங்கள். தோட்டக் கிணறென்றால் இறைப்பு மெசின் எங்கே நிற்கிறது? கட்டின் மேலேயே நின்றால் அதனடியில் கறுத்த எண்ணெய்க் கறையும், சீமெந்து வெடிப்பால் உள்ளே வழிந்த கோடும் அநேகமாகத் தெரியும். அந்தக் கறையில் பஞ்சைத் தேய்த்து ஹெக்சேனில் நனைத்து, அதே ஜீசியில் ஓட்டுங்கள். இரண்டு மேடும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் மூலத்தை அங்கே தேடலாம். பொருந்தாவிட்டால் பக்கத்துக் கிணறுகளுக்குப் போங்கள். சுண்ணக்கல் வெடிப்புகளில் எண்ணெய் நேர்கோட்டில் நகராது என்பதால் அடுத்த வளவு சுத்தமாக இருந்து அதற்கப்பால் உள்ளது கெட்டிருக்கலாம். ஒவ்வொரு கிணற்றிலும் மேற்பரப்பில் ஒன்று, இறைத்து ஓடவிட்ட பிறகு ஒன்று என்று இரண்டு போத்தல். எது எந்த நேரம் எடுத்தது, எடுத்தபோது மெசின் ஓடியதா என்று போத்தலிலேயே எழுதி ஒட்டுங்கள். மார்க்கர் பேனையால் அல்ல, அதன் மையும் ஹெக்சேனில் கரையும். பென்சிலால்.